காட்டுக்குப் போனவர்களும் கால்குலேட்டரும்

கேள்வி இது: “நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து நிலம் வாங்கி, ஒரே இடத்தில் கூட்டாக வாழலாம் என்று யோசிக்கிறோம். நான்கு பேர் சாஃப்ட்வேர் ஆட்கள். ‘கம்ப்யூட்டர் கிறுக்கர்களுக்கும் மாற்று வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம்? ஹிப்பிகளே இயந்திரம் வேண்டாம் என்றுதானே காட்டுக்குப் போனார்கள்?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். கீக்காக இருப்பதும் இப்படி வாழ்வதும் ஒன்றோடொன்று ஒட்டுமா?”

ஒட்டும். 1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் கம்யூன், அதாவது பலர் சேர்ந்து எல்லாவற்றையும் பகிர்ந்து வாழும் குடியிருப்பு, தேடிப் போனவர்களின் கதையைக் கிட்டப் போய்ப் பார்த்தால், இந்த இரண்டையும் பிரிப்பதுதான் கஷ்டமாக இருக்கும். கையில் ஒரு ரேடியோவைக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் பாட்டுக் கேட்பார்கள். சிலர் பின்மூடியைக் கழற்றுவார்கள். கல்யாணம், சம்பளம், சொந்த வீடு, யார் சமைப்பது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் அதே மாதிரி பின்மூடியைக் கழற்றிப் பார்த்தவர்கள்தான் கம்யூன் கட்டப் போனார்கள். நோண்டுகிற கை ஒன்றுதான். ஆனால் கட்டும்போது வருகிற கிறுக்கு வேறு, கட்டியதை நாள்தோறும் காப்பாற்றுகிற கிறுக்கு வேறு. நீங்கள் ஐந்து பேரும் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அந்தக் காலத்து எதிர்ப்பாளர்கள் எல்லோரும் ஒரே கூட்டம் இல்லை. வியட்நாம் போரை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் ஒரு பக்கம். அரசியலால் ஒன்றும் நடக்காது, நம் மனதையும் வாழும் முறையையும் மாற்றுவோம் என்று கிராமப்புறத்துக்குக் கிளம்பியவர்கள் இன்னொரு பக்கம். வரலாற்று ஆய்வாளர் ஃப்ரெட் டர்னர் இந்த இரண்டாவது கூட்டத்தை ‘நியூ கம்யூனலிஸ்ட்’ என்று அழைக்கிறார். ராணுவத்தின் ராட்சதக் கணினிகள் மேல் இவர்களுக்கும் வெறுப்புதான். ஆனால் ஒரு மனிதன் தன் கையால் எடுத்துப் புழங்கக்கூடிய சின்னக் கருவி என்றால் உயிர்.

அதற்கு நல்ல சாட்சி, 1968 இலையுதிர் காலத்தில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கிலிருந்து ஸ்டூவர்ட் பிராண்ட் வெளியிட்ட ‘ஹோல் எர்த் கேட்டலாக்’. அட்டையில் விண்வெளியிலிருந்து ஒரு செயற்கைக்கோள் எடுத்த பூமியின் வண்ணப்படம். உள்ளே, கம்யூன் ஆட்களுக்குத் தேவைப்படக்கூடிய பொருட்கள், புத்தகங்கள், அவற்றின் விலை, எங்கே கிடைக்கும் என்ற விவரம். அதன் பக்கங்கள் இப்போது ஸ்கேன் வடிவில் இணையத்தில் கிடைக்கின்றன. நான் அவற்றைப் புரட்டியபோது நின்றது ஒரு கால்குலேட்டரில்தான். செவ்விந்தியர் பாணி டீப்பிக் கூடாரம் கட்டுவது எப்படி என்று சொல்லும் புத்தகம் வருகிற அதே இதழில் ஹெச்பி 9100ஏ என்ற மேஜைக் கால்குலேட்டர் இருக்கிறது. விலை 4,900 டாலர், எடை சுமார் 18 கிலோ. அன்றைக்கு அந்தப் பணத்தில் இரண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் வாங்கியிருக்கலாம். கூடாரத்தில் வாழப் போகிறவனுக்கு எதற்கு இது என்று நமக்குத் தோன்றுகிறது. தொகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. கோடாரியும் கருவி, கால்குலேட்டரும் கருவி. இரண்டும் தனி மனிதன் கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

இந்த வேலையில் பிராண்ட் தனியாள் இல்லை. அவர் அப்போதைய மனைவி லோயிஸ் ஜென்னிங்ஸ், ஒட்டாவா பழங்குடியைச் சேர்ந்த கணிதம் படித்தவர். கேட்டலாக் வருவதற்கு முன்பு அந்தக் கோடையில், லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு நியூ மெக்சிகோ, கொலராடோ கம்யூன்களுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். கேட்டலாக்கின் அன்றாட நிர்வாகத்திலும் அவர் பங்கு பெரியது. பெயர் என்னவோ பிராண்டுக்குத்தான் நின்றது. இந்த விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்.

கால்குலேட்டர் வெறும் ஆசைப் பொருளும் இல்லை. அப்போது கம்யூன்களில் எல்லோருக்கும் பிடித்திருந்த பித்து, வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் பிரபலப்படுத்திய ஜியோடெசிக் குவிமாட வீடு. முக்கோணங்களை அடுக்கி அரைக்கோளம் ஆக்குவது. அதில் ஒவ்வொரு சட்டத்தின் நீளத்துக்கும் ஒரு எண் உண்டு. அதைக் குவிமாடத்தின் ஆரத்தால் பெருக்கித்தான் மரத்தை அறுக்க வேண்டும். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் உச்சியில் கடைசி முக்கோணம் பொருந்தாது. கொலராடோவில் டிரினிடாட் ஊருக்குப் பக்கத்தில், 1965-இல் சில ஓவியக் கலைஞர்கள் தொடங்கிய டிராப் சிட்டியில் இப்படித்தான் கட்டினார்கள். பழைய கார் உடைக்கும் இடத்துக்குப் போய், கார்களின் மேற்கூரையைக் கோடாரியால் வெட்டி எடுத்துவந்து, அந்தத் தகடுகளைப் பலகைகளாக மாட்டினார்கள். ஸ்டீவ் பேயர் என்ற பொறியாள மனசுக்காரர் அவர்களோடு சேர்ந்து கணக்குப் போட்டார். இருபது வயசுக்காரர்கள், காசில்லாதவர்கள், பழைய இரும்பையும் கோண கணிதத்தையும் வைத்துத் தலைக்கு மேல் ஒரு கூரை செய்துகொண்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதையாகத்தான் இருக்கிறது.

ஆனால் கூரை ஒழுகியது.

குவிமாடம் ஏன் ஒழுகும் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சாதாரணக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்து நிற்கும். தண்ணீர் வழிந்து ஓடிவிடும். குவிமாடத்தில் எங்கு பார்த்தாலும் முக்கோணங்கள், அவற்றுக்கு இடையே இணைப்புகள். பகல் வெயிலில் பலகை விரியும், ராத்திரிக் குளிரில் சுருங்கும். இணைப்பில் அப்பிய பசை தினமும் இழுபட்டு வெடிக்கும். இறவாரமும் கிடையாது, ஜன்னல் வைப்பதும் பெரும்பாடு. கேட்டலாக்கின் வீடு கட்டும் பகுதியைப் பார்த்துக்கொண்ட லாயிட் கான், சாண்டா குரூஸ் மலைப் பகுதியில் ஒரு மாற்றுப் பள்ளிக்காக 17 குவிமாடங்கள் கட்டியவர். 1970-லும் 71-லும் குவிமாடம் கட்டுவதற்கு இரண்டு கையேடுகள் போட்டு நாடு முழுக்க அந்தப் பித்தைப் பரப்பியதும் அவர்தான். சில வருஷத்தில் அவரே, இது சரிப்படவில்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பகிரங்கமாகச் சொல்லி, கையேட்டை மறுபதிப்புச் செய்ய மறுத்தார். நன்றாக விற்றுக்கொண்டிருந்த புத்தகம் அது. அப்புறம் மரம், மண், வைக்கோல் என்று பழைய கட்டுமான முறைகளைத் தேடிப் போனார். கீக் என்றால் எனக்கு அவர் மாதிரி ஆள்தான். தான் நேசித்த பொருள் ஒழுகுகிறது என்று தெரிந்ததும் அதை ஒப்புக்கொள்கிறவர்.

சரி, கணினிக்கு வருவோம். 1971 ஜூனில் கேட்டலாக்கை நிறுத்துவதாக அறிவித்து, பிராண்ட் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு விருந்து வைத்தார். நடுராத்திரி வாக்கில் 20,000 டாலர் ரொக்கத்தைக் கொண்டுவந்து, இதை வைத்து என்ன நல்லது செய்யலாம், நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று கூட்டத்திடம் கொடுத்துவிட்டார். விடியற்காலை வரை பேசியும் முடிவு வரவில்லை. மிச்சமிருந்த ஏறக்குறைய 15,000 டாலர், கடைசியில் ஃப்ரெட் மூர் என்ற அகிம்சைவாதியின் கையில் வந்து சேர்ந்தது. பணத்தின் மேலேயே நம்பிக்கை இல்லாத மனிதர் அவர். 1959-இல் பெர்க்லி மாணவராக இருந்தபோது, கட்டாய ராணுவப் பயிற்சியை எதிர்த்துப் பல்கலைக்கழகப் படிக்கட்டில் உண்ணாவிரதம் உட்கார்ந்தவர். 1975 மார்ச் 5-ஆம் தேதி, மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்ச் வீட்டு கார் ஷெட்டில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் முதல் கூட்டத்தைக் கூட்டிய இருவரில் ஒருவர் அதே ஃப்ரெட் மூர். அந்த ராத்திரி வந்த முப்பது சொச்சம் பேரில், பின்னாளில் ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக்கும் இருந்தார். ஆப்பிள் கணினி பிறந்தது அந்தக் கிளப்பின் சூழலில்தான். மூருக்கு அங்கே பிடித்தது வியாபாரம் இல்லை. ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்கு மறைக்காமல் சொல்லிக்கொடுப்பது.

அதற்கும் முன்பே நடந்த ஒன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1973 ஆகஸ்டில் பெர்க்லியில், மாணவர்கள் நடத்திய லியோபோல்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடைக்கு ஏறிப்போகும் படிக்கட்டின் மேலே, இசைக்கலைஞர்கள் துண்டுச்சீட்டு ஒட்டும் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு டெலிடைப் இயந்திரத்தை, அதாவது தட்டச்சு செய்ததைக் கம்பி வழியாக அனுப்பும் இயந்திரத்தை, வைத்தார்கள். தடதடவென்று சத்தம் போடும் இயந்திரம். சத்தத்தை அடக்க அதை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து, கையை நுழைத்துத் தட்டச்சு செய்வதற்கு இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். அது தொலைபேசிக் கம்பி வழியாக, சான் ஃபிரான்சிஸ்கோவில் கலைஞர்களும் ஆர்வலர்களும் கூட்டாக வாழ்ந்த ஒரு பழைய கிடங்கில் இருந்த பெரிய கணினியோடு பேசியது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டளைகள் முக்கியமாக இரண்டுதான்: சேர், தேடு. பெயர் ‘கம்யூனிட்டி மெமரி’. அந்தக் கணினியை ஒரு பெரிய நிறுவனத்திடம் பேசி வாங்கிவந்தவர் பாம் ஹார்ட் என்ற பெண். நிரலாளர்களில் ஜூட் மில்ஹான் என்ற பெண்ணும் இருந்தார். கருவி பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் லீ ஃபெல்சன்ஸ்டீன்.

வீடு வாடகை, பழைய சாமான் விற்பனை, இதற்குத்தான் ஜனங்கள் பயன்படுத்துவார்கள் என்று இவர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. ஒருவர் கவிதை எழுதிப் போட்டார். ஒருவர் கற்பனைப் பெயரில் புதிர்போல எழுதிக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கத்தில் நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று யாரோ கேட்டுவைத்தார்கள். கடைப் பெயர்கள் வந்தன. ஒரு பதில் மட்டும், முன்னாள் பேகல் ரொட்டிக்காரர் ஒருவர் செய்யக் கற்றுத்தருவார் என்று தொலைபேசி எண்ணோடு வந்தது. நவீனத் தொழில்நுட்பத்தை விமர்சித்த சிந்தனையாளர் இவான் இலிச்சைப் படித்திருந்த ஃபெல்சன்ஸ்டீனுக்கு ஒரு தீர்மானம் இருந்தது: ஒரு கருவி உயிரோடு இருக்க வேண்டும் என்றால், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒரு சங்கம் அதைச் சுற்றி வளர வேண்டும். பழுது பார்ப்பதையும் சேர்த்து யோசித்த கீக் அவர். பின்னாளில் ஆஸ்போர்ன் 1 என்ற தூக்கிக்கொண்டு போகும் கணினியை வடிவமைத்தவரும் இவர்தான்.

கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் ரசிகர்களையும் சொல்லாமல் இருக்க முடியாது. பேருந்திலும் வேனிலும் ஊர் ஊராகக் குழுவின் பின்னால் போவதையே வாழ்க்கையாக வைத்திருந்த நாடோடிக் கூட்டம். வெளியிலிருந்து பார்த்தால் நீளமுடி, சாயத்துணி. உள்ளே போய் அவர்கள் பேச்சைக் கேட்டால் மைக்கை எவ்வளவு உயரத்தில் பிடிக்கணும், எந்த கேசட், இது எத்தனையாவது பிரதி, எந்த ஊரில் எந்தப் பாட்டுக்கு அடுத்து எதை வாசித்தார்கள் என்ற பட்டியல். கச்சேரியைப் பதிவுசெய்ய ரசிகர்களைக் குழு அனுமதித்தது. 1984 முதல் அதற்கென்றே தனி இடமும் ஒதுக்கியது. பதிவை விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அவர்களுக்குள் இருந்த கட்டுப்பாடு. குழுவே பெரிய கிறுக்குத்தான்: 1974-இல் ‘ஒலிச் சுவர்’ என்று 600-க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகளை அடுக்கி, சுமார் 75 டன் சாமானை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 1970களிலேயே இந்த ரசிகர்களுக்கு ஒரு மின்னஞ்சல் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. குழுவுக்குப் பாடல் எழுதிய ஜான் பெர்ரி பார்லோ, 1990-இல் இணையத்தில் குடிமக்கள் உரிமைக்கான எலக்ட்ரானிக் ஃப்ராண்டியர் ஃபவுண்டேஷனைத் தொடங்கிய மூவரில் ஒருவர். ஆனால் நான் சொல்ல வந்தது பெரிய பெயர்களைப் பற்றி இல்லை. வகுப்பில் யாரோடும் ஒட்டாத ஒரு பையனுக்கு, கேசட் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் பேச ஆயிரம் பேர் கிடைத்தார்கள். தனக்குத் தெரிந்ததுதான் தனக்கான அடையாளம், அதுவே உள்ளே போகிற வாசல். எந்த ஊர் கீக்குக்கும் இந்த உணர்வு தெரியும்.

இப்போது டென்னசி மாநிலத்துக்கு வாருங்கள். 1971-இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பழைய பள்ளிப் பேருந்துகளில் வரிசையாகக் கிளம்பி வந்த சில நூறு பேர், சம்மர்டவுன் என்ற இடத்தில் நிலம் வாங்கி ‘தி ஃபார்ம்’ என்ற கம்யூனை அமைத்தார்கள். தலைவர் ஸ்டீஃபன் காஸ்கின். யாருக்கும் தனிச் சொத்து கிடையாது, முழு சைவம், சோயாப் பால் எடுக்கத் தனி ஆலை. ஒரு கட்டத்தில் 1,500 பேர் வரை இருந்தார்கள். ஒரே வீட்டில் 30, 40 பேர்.

இந்த இடத்தில் இருந்த ரேடியோ பைத்தியத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். கம்யூனுக்குள் பேசிக்கொள்ளச் சொந்தத் தொலைபேசி அமைப்பு, அதற்கு ‘பீட்னிக் பெல்’ என்று பெயர். உரிமம் பெற்று, சொந்தக் கருவியில் வானொலி வழியாகத் தொலைவில் இருப்பவர்களோடு பேசும் ஹாம் ரேடியோ ஆட்கள். 1976 பிப்ரவரி 4-ஆம் தேதி குவாத்தமாலாவில் பெரும் பூகம்பம் வந்தபோது, ஃபார்மின் தொண்டு அமைப்பான ‘பிளென்டி’ அங்கே போய் வருஷக்கணக்கில் தங்கி வீடு கட்டியது, சோயா ஆலை வைத்துக் கொடுத்தது. அங்கிருந்தவர்களுக்கும் டென்னசிக்கும் இடையே தொடர்பு ஹாம் ரேடியோவில்தான். அணுசக்தியை எதிர்த்த இவர்கள், கோஷம் போடுவதோடு நிற்காமல் கதிர்வீச்சை அளக்கும் கையடக்கக் கருவியையும் செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்த எஸ்இ இண்டர்நேஷனல் என்ற நிறுவனம் சம்மர்டவுனிலேயே இருந்து கெய்கர் கவுண்டர்கள் செய்துவருகிறது. இதே ஃபார்மில்தான் இனா மே காஸ்கினும் மற்ற பெண்களும், பிரசவம் பார்ப்பதைத் தாங்களே கற்று, ஒவ்வொரு பிரசவத்தையும் பதிவுசெய்து, நாடு முழுவதும் மருத்துவச்சிகள் தேடிவந்து கற்கிற இடமாக அதை ஆக்கினார்கள். யாரும் அதை கீக் வேலை என்று சொல்வதில்லை. கவனித்து, எழுதிவைத்து, திருத்திக்கொண்டு, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது கீக் வேலை இல்லாமல் வேறென்ன? சால்டரிங் அயர்ன் பிடித்தால் ஒரு பெயர், குழந்தையை வாங்கிப் பிடித்தால் இன்னொரு பெயர் என்று வைத்திருப்பது நம் பார்வையின் கோளாறு.

1983-இல் கடன் கழுத்தை நெரித்தது. பொதுச் சொத்து முறையை விட்டு, அவரவர் சம்பாதித்து ஆளுக்கு இவ்வளவு என்று பொதுச் செலவுக்குத் தருகிற முறைக்கு ஃபார்ம் மாறியது. பெரும்பகுதி ஜனங்கள் வெளியேறினார்கள். அப்படி வந்தவர்களில் சிலர் இணைய வரலாற்றில் முக்கியமான ஒரு வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதைச் சொல்வதற்கு முன் மதுரை வழியாக ஒரு சுற்று. லாரி ப்ரில்லியன்ட் என்ற டாக்டர், ஹாக் ஃபார்ம் என்ற இன்னொரு கம்யூனின் பேருந்தில் கிழக்கு நோக்கி வந்து, இமயமலை அடிவாரத்தில் நீம் கரோலி பாபாவின் ஆசிரமத்தில் தங்கி, அப்புறம் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணியில் இந்தியா முழுக்க அலைந்தவர். 1978-இல் அவரும் நண்பர்களும் பார்வையிழப்பைத் தடுக்க ‘சேவா’ அமைப்பைத் தொடங்கினார்கள். ஹாக் ஃபார்மின் வேவி கிரேவி அதில் உண்டு, அமெரிக்க ஆன்மிக ஆசிரியர் ராம் தாஸ் உண்டு. 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியிருந்த டாக்டர் ஜி. வெங்கடசாமியும் உண்டு. சேவாவின் தொடக்கத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒருவர். ஒரு ஆப்பிள் 2 கணினியும் கொடுத்தார். நேபாளத்தில் கண் ஆய்வுப் பணியின்போது ஹெலிகாப்டர் பழுதாகி நின்றுவிட, வேறு வேறு நாடுகளில் இருந்தவர்களைக் கணினி வழி உரையாடலில் ஒன்றுசேர்த்து உதிரிபாகம் வரவழைத்ததாக ப்ரில்லியன்ட் சொல்லியிருக்கிறார். 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்துகொண்டிருந்த கண் லென்ஸைச் சில டாலர் விலையில் இங்கேயே செய்ததிலும் சேவாவின் கை உண்டு. நம் ஊரில் தாத்தா பாட்டி கண்ணுக்குள் இருக்கிற லென்ஸுக்கும் அந்த ஹிப்பிப் பேருந்துக்கும் இவ்வளவுதான் தூரம்.

அந்த ஹெலிகாப்டர் அனுபவத்தோடு ப்ரில்லியன்ட், பிராண்டிடம் போனார். 1985-இல் இருவரும் தொடங்கியதுதான் ‘தி வெல்’. கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம் வழியாக உள்ளே வந்து எழுத்தில் பேசிக்கொள்ளும் இடம். மாதம் 8 டாலர், அதோடு மணிக்கு 2 டாலர். கணினியும் மென்பொருளும் ப்ரில்லியன்டின் நிறுவனம் கொடுத்தது. நடத்துவதற்கு வந்தவர்கள் மேத்யூ மெக்லூர், கிளிஃப் ஃபிகாலோ, ஜான் கோட். மூன்று பேருமே டென்னசி ஃபார்மில் வாழ்ந்தவர்கள்.

இது தற்செயல் இல்லை என்பது என் கருத்து. 40 பேர் உள்ள வீட்டில் வருஷக்கணக்கில் வாழ்ந்தவருக்கு, ஒரு சண்டை எப்போது வெறும் சத்தம், எப்போது வீட்டை உடைக்கும் என்று தெரியும். யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று கவனிக்கத் தெரியும். வெல்லில் எழுதுகிறவரின் உண்மைப் பெயரை யாரும் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். எழுதியதற்கு அவரவரே பொறுப்பு. மாதம் ஒருமுறை அலுவலகத்தில் எல்லோரையும் வரவழைத்து நேரில் சாப்பிட, பேச வைத்தார்கள். டெட் ரசிகர்கள் பாட்டுப் பட்டியலைப் பற்றி மணிக்கணக்கில் பேசி, ஆரம்ப நாட்களில் வருமானத்தில் பெரும்பங்கைக் கொடுத்தார்கள். கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தெரிந்தவர்கள் கையில் அந்த இடம் இருந்தது.

காதல், குடும்பம் பக்கமும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ராபர்ட் ஹைன்லைனின் அறிவியல் புனைகதை ஒன்றைப் படித்த இரண்டு மாணவர்கள் 1962-இல் மிசௌரியில் தொடங்கிய சின்னக் கூட்டம், ‘சர்ச் ஆஃப் ஆல் வேர்ல்ட்ஸ்’ என்ற மதமாகவே வளர்ந்தது. பலரோடு ஒளிவுமறைவில்லாத காதலுறவு வைப்பதைக் குறிக்கும் ‘பாலிஅமோரி’ என்ற சொல், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த மார்னிங் குளோரி ஜெல் 1990-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. 1992-இல் அந்தப் பெயரிலேயே, யூஸ்நெட் என்ற பழைய கணினி உரையாடல் வலையில் ஒரு குழு வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கெரிஸ்டா கம்யூன் 1971 முதல் 1991 வரை நடந்தது. இருபது முப்பது பேர், கூட்டுக் குடும்பம், கூட்டு வருமானம். 1980களில் அவர்கள் பிழைப்பு மெக்கின்டாஷ் கணினிகளை வாடகைக்கு விடுவது, விற்பது. அபேகஸ் என்ற அவர்கள் நிறுவனம் பல மில்லியன் டாலர் வியாபாரம் செய்தது. தன் துணை வேறொருவரோடு மகிழ்வதைப் பார்த்து வருகிற சந்தோஷத்துக்குச் சொல் இல்லையே என்று ‘கம்பர்ஷன்’ என்ற சொல்லை உருவாக்கியதும் அவர்கள்தான். இருக்கிற மொழி போதவில்லை என்றால் புதுச்சொல் செய்துகொள்வது கீக் பழக்கம். ஹேக்கர்களின் அகராதியான ‘ஜார்கன் ஃபைல்’, ஹேக்கர் என்பவர் எப்படிப்பட்டவர் என்று விவரிக்கும் பகுதியில், கம்யூனிலோ கூட்டு வீட்டிலோ, பலரோடான உறவிலோ வாழ்வது இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம் என்றே பதிவுசெய்திருக்கிறது. எழுதிவைத்த விதி, பேசி முடித்த ஒப்பந்தம் இவற்றால் எதையும் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை இவர்களுக்கு உண்டு. மனசு அப்படி விதிக்குள் அடங்காது என்பதைக் கெரிஸ்டாவின் முடிவு காட்டியது. பணம் இருந்தும் குழு உடைந்தது.

இனி, முன்பு திரும்ப வருகிறேன் என்று சொன்ன விஷயம். பல கம்யூன்களில் குவிமாடம் கட்டியவர்கள், ரேடியோ அறையில் உட்கார்ந்தவர்கள், வண்டி பழுது பார்த்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அடுப்படியும் துணிமூட்டையும் குழந்தையும் பெண்களிடம். எல்லாவற்றையும் பின்மூடி கழற்றிப் பார்த்தவர்கள், இதை மட்டும் கழற்றவில்லை. டென்னசி ஃபார்மும் இதற்கு விலக்கு இல்லை. கீக் அடையாளம் ஒருவருக்கு மரியாதை வாங்கித் தருகிறது. அந்த மரியாதை கருவி பிடிக்கும் கைக்கு மட்டும் போனால், மற்ற கைகள் ஒருநாள் வேலையை நிறுத்திவிடும்.

இதைக் கழற்றிப் பார்த்த ஓர் இடம் உண்டு. வர்ஜீனியாவில் 1967-இல் எட்டுப் பேர் தொடங்கிய ட்வின் ஓக்ஸ். உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் நாவலில் வரும் கற்பனைச் சமூகத்தை முன்மாதிரியாக வைத்து ஆரம்பித்தார்கள். கேட் கின்கேட் என்ற பெண் அதன் தூண்களில் ஒருவர். அங்கே தச்சுவேலை, சமையல், கணக்கு எழுதுவது, குழந்தை பார்ப்பது, கழிவறை கழுவுவது எல்லாமே உழைப்பு மதிப்பெண்தான். ஆரம்பத்தில், யாரும் செய்ய விரும்பாத வேலைக்குக் கூடுதல் மதிப்பெண் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கணக்கு சிக்கலாகப் போனதால், எந்த வேலையானாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மதிப்பெண் என்று ஆக்கினார்கள். வாராவாரம் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: எந்த நாள், எந்த நேரம், என்ன வேலை. ஆண் சமைக்கிறார், பெண் கார் எஞ்சினைப் பிரிக்கிறார், தாளில் இரண்டும் ஒரே எண். விதிகளை எழுதும்போது ஆண் பெண் பேதம் வராமல் இருக்க ‘கோ’ என்று ஒரு பிரதிப்பெயரையும் செய்துகொண்டார்கள். தூங்குவலை பின்னியும், டோஃபு செய்தும், புத்தகங்களுக்குச் சொல்லடைவு தயாரித்தும் சம்பாதித்து, ஏறக்குறைய நூறு பேராக அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டார்கள். சொல்லடைவு தயாரிப்பது எவ்வளவு கீக் வேலை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் ஐந்து பேருக்கு வருகிறேன். சோலார் பலகை எத்தனை வாட், இண்டர்நெட் எப்படி இழுப்பது, தண்ணீர்த் தொட்டிக்கு சென்சார் வைக்கலாமா என்பதை நீங்கள் ஏற்கெனவே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டிருப்பீர்கள் என்று தெரியும். நானும் அதைத்தான் முதலில் போட்டிருப்பேன். அதே கோப்பில் இன்னொரு தாள் திறந்து, பாத்திரம், துணி, கழிவறை, காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டிவருவது என்று வரிசை போடுங்கள். பக்கத்தில் பெயரும் மணி நேரமும் வரட்டும். சாஃப்ட்வேர் ஆள் இல்லாத அந்த ஐந்தாவது நண்பர் பெயருக்கு எதிரே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சேருகிறது என்று நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கூட்டிப் பாருங்கள்.